பெரியப்பாவின் முந்நூற்றுப் பதினைந்தை யாருக்குக் கொடுப்பது?

தேன்கனிக்கோட்டையில் உட்கார்ந்து முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். பாகப்பிரிவினை, தான செட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரம் எதுவானாலும் எழுதிப் பழகிய கை. போன தை மாதம் பெரியப்பா வந்து என் எதிரே உட்கார்ந்து கேட்ட கேள்விக்குத்தான் உடனே பதில் வரவில்லை.

"ஏம்பா, நெலத்துக்கு எழுதற மாதிரி துப்பாக்கிக்கும் ஒரு செட்டில்மெண்ட் எழுதிர முடியுமா?"

முடியாது. முத்திரைத்தாளில் எழுதினாலும், உயிலில் எழுதினாலும், துப்பாக்கி அப்படிக் கைமாறாது. பொருள் யாருக்குச் சேர வேண்டும் என்று உயில் சொல்லலாம். அதைக் கையில் வைத்திருக்கும் அனுமதியைக் கலெக்டர்தான் கொடுக்க வேண்டும். அதை அவரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் அவர் கேட்டதற்குப் பின்னால் இன்னும் பெரிய கேள்விகள் இருந்தன. யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, கொடுத்த பிறகு அதை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள். மாதக்கணக்கில் குடும்பமாக உட்கார்ந்து பேசினோம். அஞ்செட்டி, தளி, பென்னாகரம் பக்கம் இதே கேள்வியோடு பல வீடுகள் இருக்கின்றன என்பது என் மேசைக்கு வருகிறவர்களை வைத்தே தெரியும். அதனால் எழுதுகிறேன்.

துப்பாக்கியைப் பற்றி முதலில். பர்மிங்ஹாம் பி.எஸ்.ஏ. கம்பெனியின் .315 ரைஃபிள் (அந்த எண் குழலின் அளவு). லீ-என்ஃபீல்ட் ராணுவ ரைஃபிளின் அதே போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு), ஆனால் வேட்டைக்காக அளவாகச் செய்த கட்டை. ராணுவத் தோட்டாவான .303 சாமானியர் கையில் இருக்கக்கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கட்டுப்பாடு உண்டு. அதனால்தான் இந்தியச் சந்தைக்கு .315 என்று தனி அளவில் வந்தது. பிறகு இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையும் அதே அளவில் செய்தது. தாத்தா இதை 1962-ல் பெங்களூரில் வாங்கினார். வீட்டில் யாரும் ரைஃபிள் என்று சொல்வதில்லை, "முந்நூற்றுப் பதினஞ்சு" என்றுதான் சொல்வோம்.

அதன் லைசென்ஸ் புத்தகங்களை எடுத்து அடுக்கினால் நம் ஜில்லாவின் வரலாறே தெரியும். தாத்தாவின் முதல் புத்தகத்தில் சேலம் கலெக்டர் முத்திரை. 1965 அக்டோபர் 2-ல் தருமபுரி தனி மாவட்டம் ஆனதும் அடுத்த புதுப்பித்தலில் தருமபுரி முத்திரை. தாத்தா இறந்து 1984-ல் பெரியப்பா பெயருக்கு வந்ததும் தருமபுரியில்தான். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்த பிறகு கிருஷ்ணகிரி முத்திரை. வீடும் துப்பாக்கியும் ஓரடிகூட நகரவில்லை. வீரப்பன் தேடப்பட்ட வருஷங்களில் யார் யாரோ வந்து புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் பெரியப்பா அதைத் துணி உறையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப்போய் ஸ்டேஷனில் ஒப்படைத்து, ரசீதை மடித்து மேல்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வருவார். வாக்கு எண்ணி முடித்ததும் திரும்ப எடுத்துவர வேண்டும்.

அவருக்கு இப்போது 76 வயது. மகன், என் தம்பி முறை, பெங்களூரில் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறான். மகள், என் தங்கச்சி, கிருஷ்ணகிரி டவுனில் டீச்சர். பெரியப்பாவின் ஆசை இரண்டு. முந்நூற்றுப் பதினைந்தை மகன் கையில் கொடுக்க வேண்டும். அப்பா தன்னைக் கூட்டிப்போன மாதிரி, ஒரே ஒரு தடவையாவது மகனை அந்தத் துப்பாக்கியோடு காட்டுக்குள் கூட்டிப்போக வேண்டும்.

முதலில் வேட்டையைத் தனியாக வைக்க வேண்டும்

இந்த இரண்டு ஆசைகளும் அவர் மனசில் ஒரே ஆசையாக இருந்தன. அவற்றைப் பிரிப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. பிரிக்காமல் எந்த ஒப்பீடும் செய்ய முடியாது, ஏனென்றால் ஒன்றுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, மற்றதற்கு இல்லை.

பெரியப்பா இளவட்டமாக இருந்தபோது வேட்டைக்கு அனுமதிச்சீட்டு இருந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வந்த பிறகும் சில விலங்குகளுக்குச் சீட்டு வாங்கி வேட்டையாட ஒரு வாசல் திறந்திருந்தது. 1991 திருத்தத்தில் அதையும் அடைத்துவிட்டார்கள். இன்றைக்கு முயலை அடித்தாலும் குற்றம். சட்டம் வேட்டை என்று சொல்வது சுடுவதை மட்டும் அல்ல. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, விரட்டுவது, இரை வைத்து வரவழைப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வதுகூட வேட்டைதான்.

நம் பக்கத்தில் இது இன்னும் இறுக்கம். 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது, 504 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2022 நவம்பரில் காவிரி தெற்குச் சரணாலயம், 686 சதுர கிலோமீட்டர். பெரியப்பா சீட்டு வாங்கி நடந்த காடுகளில் பெரும்பகுதி இன்று இந்த எல்லைகளுக்குள் இருக்கிறது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் சிறை, மேலே அபராதம். அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு உள்ளே நுழைவதே தனிக் குற்றம். "சுடவே மாட்டேன், தோள்ல மாட்டிக்கிட்டு நடந்துட்டு வந்துடறோம்" என்றார் பெரியப்பா. அதுவும் ஆகாது.

எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் மகன், அப்பாவின் லைசென்ஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கேழ்வரகுக் கொல்லைக்கு வந்த பன்றியை அடித்தான். நல்ல பையன். கோபத்தில் செய்துவிட்டான். துப்பாக்கி போனது, பைக்கும் போனது. குற்றத்துக்குப் பயன்பட்டுப் பறிமுதலான ஆயுதமும் வண்டியும் அரசுச் சொத்து என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்பாவின் லைசென்ஸும் ரத்தானது. தாய்மாமன் வைத்துவிட்டுப் போன இரட்டைக்குழல் அது. அந்தப் பெரியவர் என் மேசைக்கு ஜாமீன் சொத்துக்கான நகல் கேட்டு வந்தபோது பேசவே இல்லை. உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, எழுந்து போனார். தம்பிக்கு நான் சொன்னது சட்டப் பிரிவுகளை அல்ல, இதைத்தான்.

பன்றித் தொல்லை உண்மையில்லை என்று சொல்ல வரவில்லை. பரணில் உட்கார்ந்து தகரம் தட்டி விடிய விடியக் காவல் காத்தவன் நானும்தான். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு ஏற்பாடு அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு மேல் போனால் சுடலாம், ஆனால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள்தான் சுடுவார்கள். விவசாயி லைசென்ஸ் வைத்திருந்தாலும் அவர் சுட அதில் இடம் கிடையாது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, "இப்பத்தான் பன்னியச் சுடலாம்னு சொல்லிட்டாங்களே" என்று என்னிடம் வாதாடியவர்கள் நாலைந்து பேர். உயிருக்கு நேராக மிருகம் பாய்ந்து தற்காப்புக்காகச் சுட்டால் குற்றமில்லை என்று சட்டம் சொல்கிறது. அது கொல்லைக்குக் காவல் போகிறபோது சொல்லிக்கொள்ளும் சமாதானம் அல்ல.

வெளிநாட்டுக்குப் போய் வேட்டையாடலாமே என்று தம்பி ஒருநாள் சொன்னான். நமீபியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் அனுமதியோடு வேட்டை நடக்கிறது, உண்மைதான். ஆனால் பெரியப்பா கேட்டது நமீபியா அல்ல. அவர் அப்பாவோடு நடந்த ஓடையைத்தான் கேட்டார். அந்தப் பேச்சை அத்தோடு விட்டோம்.

ஆக, வேட்டை இல்லை. மிச்சம் இருப்பது துப்பாக்கி. அதற்கு என்னென்ன வழி?

அப்படியே விட்டுவிடுவது

இதை யாரும் ஒரு வழியாகச் சொல்வதில்லை. ஆனால் பத்தில் எட்டு வீட்டில் இதுதான் நடக்கிறது. பெரியவர் இருக்கும்வரை இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பது. இருக்கிற வழிகளில் மிக மோசமானது இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

லைசென்ஸ்காரர் கண்மூடிய நாளிலிருந்து அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பது யாருடைய அனுமதியிலும் இல்லை. தாமதமில்லாமல் பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். சாவு வீட்டில் இது யாருக்கு ஞாபகம் வரும்? பதினாறாம் நாள் காரியம் முடியும், பிறகு வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல். பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்தது அங்கேயே இருக்கும். இரண்டு வருஷம் கழித்து யாராவது ஒரு மனு போட்டால், லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததாக வழக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் ஐந்து வருஷம் சிறை. ஒரு தப்பும் செய்யாத பெரியம்மா பெயரில் அந்த வழக்கு வருவதை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். பெரியப்பா அன்றைக்குத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

துருப்பிடித்துப்போனால் லைசென்ஸ் வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இனிச் சுடவே முடியாது என்ற நிலையில் இருப்பதற்குத்தான் சட்டம் விலக்குக் கொடுக்கிறது. ஆசாரி கையில் கொடுத்தால் சரியாகிவிடும் என்றால் அது துப்பாக்கிதான்.

உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றுவது

இந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அல்லது துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போதே, தான் குறிப்பிடும் சட்டப்படியான வாரிசு ஒருவருக்கு லைசென்ஸ் தரச் சொல்லி மனுச் செய்யலாம். பெரியப்பாவுக்கு இரண்டும் பொருந்தியது. கொடுப்பவர் உயிரோடு இருந்து "இவருக்குத்தான்" என்று சொல்வதற்கு ஒரு பலம் இருக்கிறது. மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுப்பதும் அவர் முகத்துக்கு முன்னால் சுலபமாக நடக்கும். அவர் போன பிறகு அண்ணன் தங்கைக்கு நடுவில் அதே காகிதம் எத்தனை கசப்பாகும் என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் வாரிசு என்பதற்காகத் தானாகக் கிடைத்துவிடாது. வாங்குகிறவர் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை அறிக்கை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சிச் சான்று, வீட்டில் பூட்டி வைக்கும் இடம் எல்லாம் வேண்டும். ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் இருக்கக் கூடாது. 2019-க்கு முன்னால் மூன்று. பரம்பரைத் துப்பாக்கி என்பதற்காக அந்தக் கணக்கு தளராது.

நம் ஜில்லாவுக்கென்று கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சரணாலய எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் குடியிருப்பவருக்குப் புதிதாக ஆயுத லைசென்ஸ் தர வேண்டுமானால், தலைமை வனஉயிரினக் காப்பாளரின் முன் சம்மதம் வேண்டும். ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் சரணாலயம் அறிவித்த மூன்று மாதத்துக்குள் அவரிடம் பெயரைப் பதிய மனுச் செய்திருக்க வேண்டும். 2014-லும் 2022-லும் அறிவிப்பு வந்தபோது நம் கிராமங்களில் எத்தனை பேர் அதைச் செய்தார்கள்? பெரியப்பா செய்திருந்தார். அந்த நகலைப் புத்தகத்தோடு தைத்தே வைத்திருந்தார். செய்யாதவர்கள் மாற்றுவதற்கு மனுப் போடும் முன் அதைச் சரிசெய்துகொள்வது நல்லது.

இதே வழிக்குள் எங்களுக்கு இரண்டு கிளை இருந்தது. மகனா, மகளா.

தம்பிக்கு ஆசை அதிகம். சின்ன வயசில் பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பான். ஆனால் அவன் இருப்பது பெங்களூரில், வாடகை வீட்டில், மூன்றாவது மாடியில். சாதாரணமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் லைசென்ஸ் கேட்க வேண்டும். அங்கே அது போலீஸ் கமிஷனர் ஆபீஸ். வீடு மாறும்போதெல்லாம் புது முகவரி எழுத வேண்டும். வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர் முகவரியைக் கொடுத்துவிடலாமே என்றான். விசாரணைக்கு வருகிறவர் பக்கத்து வீட்டில் கேட்டாலே தெரிந்துவிடும், பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும்தான் வருகிறான் என்று. பொய் முகவரியில் வாங்கும் லைசென்ஸ் தாத்தா பெயருக்கும் நல்லதல்ல. அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது வேறு. எத்தனை தடவை பேசினாலும் அவன் பேச்சு கடைசியில் காட்டுக்கே திரும்பி வந்தது. துப்பாக்கி கையில் இருந்தால் ஒருநாள், ஒரு நண்பன் சொன்னான் என்று, ஒரு ராத்திரி. அவனைக் குறைசொல்லவில்லை. அந்த ஆசை இருக்கும் கையில் அந்தப் பொருளைக் கொடுப்பது அவனுக்கு நல்லதல்ல என்றுதான் சொல்கிறேன்.

தங்கச்சியை யாரும் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது. மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா துப்பாக்கியைத் திண்ணையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நடுக்கத்தில் கம்பி குழலுக்குள் நேராகப் போகவில்லை. அவள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து, முதலில் போல்ட்டைப் பின்னால் இழுத்து, தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் பார்த்துவிட்டு, போல்ட்டைத் தனியே கழற்றி வெள்ளைத் துண்டின்மேல் வைத்தாள். பிறகு குழலில் தோட்டா நிற்கும் பக்கமிருந்து கம்பியை விட்டாள். வாய்ப்பக்கமிருந்து விட்டால் கம்பி உரசி முனை தேய்ந்துவிடும், அப்புறம் குறி நிற்காது. பழைய துணி, அளவாக வெட்டியது, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே, எப்படித் தெரியும் என்றேன். "எட்டாவது படிக்கறப்பலேந்து ஒவ்வொரு லீவுக்கும் நான்தானேண்ணா அப்பாவுக்குப் பண்ணுவேன்" என்றாள். பழைய தோட்டாவைச் சுட்டால் அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பது வரை அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவளுக்குச் சொந்த வீடு, சரணாலய எல்லையிலிருந்து நல்ல தூரம், அதே மாவட்டம், அதே கலெக்டர் ஆபீஸ். வேட்டை ஆசை துளியும் இல்லை. மகள் வாரிசாகக் கேட்கச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. தடை இருந்தது எங்கள் மண்டையில்தான்.

கடையில் விற்பது, போலீசில் ஒப்படைப்பது

எடுத்துக்கொள்ள யாரும் இல்லாத வீட்டுக்கு நான் முதலில் சொல்லும் வழி, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை. விற்றதைப் புத்தகத்தில் பதிந்து கொடுப்பார்கள், பிறகு கலெக்டர் ஆபீசில் அந்த ஆயுதத்தை உங்கள் லைசென்ஸிலிருந்து நீக்கச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். பழைய .315-க்குக் கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டால் மனசு ஆறாது, வாங்க ஆள் குறைவு. விற்க மனமில்லை, முடிவெடுக்க அவகாசம் வேண்டும் என்றால், பாதுகாப்புக்காகக் கடையில் வாடகை கொடுத்து விட்டுவைக்கலாம். சண்டை தீராத வீடுகளுக்கு இது நல்ல இடைவழி.

நேராக இன்னொருவருக்கு விற்பதோ கொடுப்பதோ என்றால், வாங்குபவருக்கு முன்கூட்டியே லைசென்ஸ் இருக்க வேண்டும். யாருக்குக் கொடுக்கிறோம் என்று கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்து மூலம் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற வேண்டும். மச்சானுக்குக் கல்யாணப் பரிசு என்று கையில் எடுத்துக் கொடுத்துவிட்டால் வாங்கியவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் குற்றவாளி.

போலீசில் ஒப்படைப்பதில் பணம் இல்லை, நிம்மதி உண்டு. ரசீதை மட்டும் தொலைக்கக் கூடாது. லைசென்ஸே இல்லாத நாட்டுத் துப்பாக்கி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தாமாக முன்வந்து கொடுத்தால் வழக்கு இல்லை என்று நம் மலைக்கிராமங்களில் அவ்வப்போது அறிவிப்பார்கள். அந்த வாய்ப்பு வரும்போது விட்டுவிடாதீர்கள். ஊர்ப் பெரியவர் மூலம் கொடுத்துவிடுங்கள்.

சுவரில் மாட்டுவது

செயலிழக்கச் செய்து சான்று வாங்கி வைத்துக்கொள்ளும் முறை 2016 விதிகளில் இருக்கிறது. குழலையும் போல்ட்டையும் இனி எந்தக் காலத்திலும் சுட முடியாதபடி கெடுத்துவிடுவார்கள். அந்த வேலைக்கென்று லைசென்ஸ் பெற்றவர்தான் அதைச் செய்ய வேண்டும். உள்ளூர் பட்டறையில் குழலுக்குள் ஈயம் ஊற்றிக்கொள்வது செல்லாது. ஹாலில் தாத்தா படத்துக்குக் கீழே மாட்டினால் பார்க்க நன்றாக இருக்கும்.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது பதில் சொல்லாமல் கொல்லைப்பக்கம் பார்த்தார். அவர் நிலத்து வரப்பு ஓரத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. வீரன் ஒருவன், எதிரே பன்றி, காலடியில் நாய். பன்றியோடு போராடி இறந்தவனுக்கு நட்டது, பன்றிகுத்திப்பட்டான் கல் என்று இதைச் சொல்வார்கள், நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புலிகுத்திப்பட்டான் கல்லும் நிறைய உண்டு. "அந்தக் கல்லுல அவன் கையில இருக்கறது ஒடிஞ்ச வாளா?" என்று கேட்டார். ஒடியவில்லை. அவ்வளவுதான் பேசினார். நான் திரும்ப அந்த வழியைச் சொல்லவில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு, பராமரிக்க ஆள் இல்லை, விற்கவும் மனசு வரவில்லை என்றால் இது நல்ல வழி என்றே இன்னும் நினைக்கிறேன்.

சுட ஆசைப்படும் பிள்ளைக்கு

தம்பியின் மகனுக்குப் பன்னிரண்டு வயது. தாத்தாவின் ரைஃபிளால் சுடப் பழக வேண்டும் என்கிறான். அவனுக்கு முந்நூற்றுப் பதினைந்து எந்த வகையிலும் பொருந்தாது. கிளப்புகளில் பிள்ளைகள் பழகுவது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில், பிறகு 50 மீட்டர் .22-ல். ஒலிம்பிக்கில் ரைஃபிளுக்கு இருப்பதும் இந்த இரண்டு பிரிவுதான். .177 அளவுக்கு மேல் போகாத, 20 ஜூலுக்குள் ஆற்றலுள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பெங்களூரிலேயே கிளப்பில் சேர்த்துவிடு, வாரம் ஒருநாள் கூட்டிப்போ, உன் ஆசையும் அங்கே தீரும் என்று தம்பியிடம் சொன்னேன். சேர்த்துவிட்டான். இதில் ஒரே ஒரு எச்சரிக்கை: ஏர் ரைஃபிளால் புறாவையோ முயலையோ அடித்தாலும் அது வேட்டைதான். லைசென்ஸ் வேண்டாம் என்பதற்கும் சுடலாம் என்பதற்கும் சம்பந்தமில்லை.

என் தீர்ப்பு

துப்பாக்கியைச் சுட ஆசைப்படுகிறவருக்குக் கொடுக்காதீர்கள், துடைக்கத் தெரிந்தவருக்குக் கொடுங்கள். அப்படி ஒருவர் வீட்டில் இருந்து, அவர் நிலையான முகவரியில், சரணாலய எல்லையிலிருந்து தள்ளிக் குடியிருந்தால், உயிரோடு இருக்கும்போதே வாரிசு வழியில் மாற்றுவதற்கு ஈடான வழி வேறு இல்லை. அப்படி ஒருவர் இல்லையென்றால் கடை. கடைக்காரர் விலை மனசுக்கு ஒப்பவில்லையென்றால் செயலிழப்பு. அப்படியே விட்டுவிடுவது மட்டும் வேண்டாம்.

தங்கச்சி பெயருக்கு மாற்றச் சொல்லிப் பங்குனியில் மனுக் கொடுத்தோம். பெரியப்பாவின் விருப்பக் கடிதம், தம்பியின் ஆட்சேபணையின்மைக் கடிதம், பெரியம்மாவின் கடிதம் மூன்றையும் நானே எழுதினேன். தம்பி கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தான். போட்டான். விசாரணைக்கு வந்தவர் தங்கச்சியிடம், "நீங்க ஒரு டீச்சர், உங்களுக்கு எதுக்கும்மா ரைஃபிள்?" என்று கேட்டிருக்கிறார். "எங்க தாத்தாவோடதுங்க, துருப்பிடிக்காம பார்த்துக்கணும்" என்றாளாம்.

காட்டு ஆசைக்கு வேறு வழி செய்தோம். சித்திரையில் பெரியப்பா, தம்பி, நான் மூன்று பேரும் பக்கத்துக் காட்டிலிருக்கும் அய்யூருக்குப் போனோம், துப்பாக்கி இல்லாமல், ஒரு பைனாகுலரோடு. வனத்துறை ஆள் ஒருவர் கூட வந்தார். ஓடை மணலில் பெரியப்பா குனிந்து தடம் பார்த்தார். கடமான், பெட்டை, கூட ஒரு குட்டி, விடிகாலையில் தண்ணீருக்கு வந்திருக்கிறது என்றார். கூட வந்த வனக்காவலர் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எப்படித் தெரியுதுங்க என்று கேட்க ஆரம்பித்தவர் அரைமணி நேரம் எழவில்லை. தம்பி ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அப்பாவோடு காட்டில் நடந்தது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

லைசென்ஸ் இன்னும் வரவில்லை. அதுவரை துப்பாக்கி பெரியப்பா பெயரில், பெரியப்பா வீட்டில். போன வாரம் புதுப்பித்தலுக்காகக் காட்ட வேண்டியிருந்தது. அவரால் பஸ் ஏற முடியவில்லை. லைசென்ஸ்காரர் எழுத்தில் அனுமதி கொடுத்தால், புதுப்பிக்கவோ பழுது பார்க்கவோ வேறொருவர் எடுத்துப்போகலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கடிதத்தையும் எழுதினேன். தங்கச்சி எடுத்துப்போய் வந்தாள்.

வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து போல்ட்டைக் கழற்றி, குழலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் கண்ணை வைத்துப் பார்த்தாள். பெரியப்பா கட்டிலில் இருந்தபடியே கேட்டார்.

"என்ன தெரியுது?"

"சுத்தமா இருக்குப்பா. நடுவுல மட்டும் ஒரு புள்ளி."

"அது எழுபத்தொண்ணுல நனைஞ்சது. எங்கப்பா அன்னிக்கு ராத்திரியே தொடைன்னாரு, நான் காலைல தொடச்சுக்கலாம்னு படுத்துட்டேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "இன்னொரு தடவ துணி விடும்மா."